மாடியிலிருந்து ஷெட்டுக்கு ஒரு கேபிள்

1. இருந்தவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டில் இருந்தவர்கள்.

சேஷாத்ரி சார். வீடு அவருடையது. இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். மயிலாப்பூரில் அவர் வீட்டுக் கார் ஷெட்டில்தான் எங்கள் கேரம் கிளப். கார் தெருவில் நிற்கும்.

பாஷா பாய். ராயப்பேட்டையில் டெய்லர். கிளப்பில் போர்டுக்குப் பவுடர் போடுவது அவர் ஒருவர்தான். வேற யாரும் டப்பாவைத் தொடக்கூடாது. தொட்டால் அன்றைக்கு ஆட மாட்டார்.

லோகு. ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் மூடாது.

நான். பேர் தாஸ். டிவி மாட்டுவது, வயர் இழுப்பது, கேமரா போடுவது என் தொழில். எட்டாவதோடு படிப்பை விட்டேன். சிந்தாதிரிப்பேட்டையில் சின்னதாக ஒரு கடை.

மாடியில் அலமேலு மாமி. சாருடைய வீட்டுக்காரம்மா.

கேட்டுக்கு வெளியே அந்தோணியம்மா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். உள்ளே வராமல் நின்றிருந்தார்.

சுவரில் ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி. அதில் படம் இல்லை.

மணி இரண்டேகால். மூன்று மணிக்குப் போலந்து நாட்டில் கேரம் ஃபைனல். நெட்டில் நேரடியாகக் காட்டுகிறார்கள். ஆடப்போவது ஜெனிபர். அந்தோணியம்மாவின் மகள். சின்ன வயசிலிருந்து எங்கள் ஷெட்டில் ஆடினவள். அவளை விட்டால் கிளப்பில் எல்லாம் ஆம்பிளைகள்தான்.

அந்தோணியம்மா சாயங்காலம் அவளைக் கேட்டில் விட்டுவிட்டு அப்படியே மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். உள்ளே வந்து ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. தலையில் மீன் கூடை இருக்கும். மாடியில் இருப்பவர்கள் சைவம். கேட்டோடு நின்றுவிடுவார். நாங்களும் உள்ளே வாங்க என்று சொன்னதில்லை. இத்தனை வருஷமும் அப்படியே போய்விட்டது.

அன்றைக்குக் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, பூ வைத்து வந்திருந்தார். மகள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். வேறெதுவும் அவருக்கு வேண்டாம்.

"இன்னாபா, டிவி கருப்பா கீது?" என்றார் கேட்டிலிருந்தே.

"வந்துடும்மா" என்றேன்.

எனக்கே நம்பிக்கை இல்லை.

2. ரிச்சி ஸ்ட்ரீட்

முந்தின நாள் கதையைச் சொல்ல வேண்டும்.

கேரமை மேலே கேமரா கட்டித்தான் காட்டுவார்கள். போனில் பார்த்தால் காய் கடுகு மாதிரி இருக்கும். இரண்டு காய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நடுவில் நூல் போகிற இடம் இருக்கிறதா, அது தெரியாது. அது தெரியாவிட்டால் கேரம் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஷெட்டில் போன் சிக்னலும் இரண்டு கோடுதான். ஜெனிபர் ஃபைனலுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் எல்லாரும் காசு போட்டு ஒரு டிவி வாங்கினோம். மூடின ஆபீஸ் ஒன்றின் மீட்டிங் ரூமில் இருந்தது. ஃபோர் கே. படம் முதல் தரம். ஆனால் ஆபீஸ் டிவிக்கு நெட் கிடையாது, ஆப் கிடையாது. எச்டிஎம்ஐயில் எதையாவது கொடுத்தால் காட்டும். அதனால்தான் மலிவாகக் கிடைத்தது.

நெட் மாடியில். நெட்டில் வருவதை டிவிக்குக் கொடுக்கிற ஸ்ட்ரீமிங் பாக்சும் மாடியில், மாமி ஹாலில். பழைய வீடு, சுவர் ஒன்றரை அடி கனம். வைஃபை கீழே இறங்காது. ஆக, மாடி பாக்சிலிருந்து ஷெட் டிவி வரைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். டேப் பிடித்து அளந்தேன். வளைவெல்லாம் சேர்த்துப் பதினாலு மீட்டர்.

சாரும் லோகுவும் நானும் வயர், கேபிள் எல்லாம் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனோம்.

கடைப் பையன் ஒரு கேபிளை எடுத்துப் போட்டான். பதினைந்து மீட்டர், விரல் தடிமன், இரண்டு முனையிலும் தங்கத் தலை. பெட்டியில் எய்ட் கே என்று பெரிசாகப் போட்டிருந்தது. விலை எண்ணூறு.

"சார், இத்த போட்டீங்கன்னா படம் அள்ளிக்கினு போவும்" என்றான்.

"எய்ட் கேன்னு போட்டிருக்கே. நமக்கு ஃபோர் கேதானே? டபுளா இருக்கே" என்றார் சார். அவருக்குப் பிடித்துவிட்டது.

"இங்கயே போட்டுக் காட்டுப்பா" என்றேன்.

போட்டான். சாதா ஹெச்டியில் படம் நன்றாக வந்தது. ஃபோர் கேவுக்கு மாற்றச் சொன்னேன். திரை முழுக்க வெள்ளைப் புள்ளி மின்னியது. பிறகு கருப்பு. திரும்பப் படம். திரும்பக் கருப்பு.

"தீபாவளிக்கு வாங்கிக்கலாம் சார்" என்றான் லோகு.

தொழிலுக்குப் புதுசாக வருகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். செப்புக் கேபிள் நீளமாக நீளமாக உள்ளே போகிற சிக்னல் செத்துக்கொண்டே போகும். ஃபோர் கேவுக்கு ஐந்து மீட்டர் வரைக்கும் நம்பலாம். அதற்கு மேல் அதிர்ஷ்டம். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஸ்ட்ரீமிங்குக்குப் பதினெட்டு ஜிபிபிஎஸ் வேகம் தாங்குகிற கேபிள் போதும். நாற்பத்தெட்டு என்று போட்டு விற்பது கேம் ஆடுகிறவர்களுக்கு. தங்க முலாம் துரு பிடிக்காமல் இருப்பதற்கு. பட்டினப்பாக்கம் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் அதற்கு வேலை உண்டு. படம் அதனால் அழகாகாது.

நீளம் வேண்டும் என்றால் ஃபைபர் எச்டிஎம்ஐ. உள்ளே கண்ணாடி நூல். ஒல்லியாக இருக்கும், ஐம்பது மீட்டர் கூடப் போகும். ஒரு தலை பாக்சுக்கு, ஒரு தலை டிவிக்கு. மாற்றிப் போட்டால் ஓடாது. விலை இரண்டாயிரத்து நானூறு சொன்னான்.

"ஏன் நைனா, இந்த நூலுக்கா ரெண்டாயிரத்து நானூறு? பாய் கடைல ஒரு நூல்கண்டு பத்து ரூவா" என்றான் லோகு.

சார் பேரம் பேசினார். இன்சூரன்ஸ் ஆள். அரை மணி நேரம் பேசி நூறு ரூபாய் குறைத்தார். அதில் மூன்று பேரும் டிபன் சாப்பிட்டோம்.

3. பைப்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன்.

மாடி ஹாலிலிருந்து ஷெட்டுக்கு ஒரு பழைய பைப் உண்டு. அந்தக் காலத்துக் கேபிள் டிவி வயர் போன பைப். சுவருக்குள் இரண்டு வளைவு. வயர் என்றால் தலையை வெட்டிவிட்டு இழுக்கலாம். எச்டிஎம்ஐயை வெட்ட முடியாது. தலையோடுதான் போக வேண்டும். தலைக்குப் பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டினேன். உள்ளே இருந்த பழைய வயரின் நுனியில் கட்டினேன். மேலே இருந்து நான் தள்ள, கீழே லோகு பழைய வயரை இழுத்தான்.

முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதில் நின்றுவிட்டது.

"தம் கட்டி இழுக்கட்டா?" என்று கீழே இருந்து கத்தினான் லோகு.

"கண்ணாடி நூல்டா. இழுக்காத" என்றேன்.

கொஞ்சம் பின்னால் உருவி வைத்துவிட்டு, கடைக்குப் போய் ஸ்பிரிங் எடுத்து வரக் கிளம்பினேன். வளைந்து கொடுக்கிற இரும்பு ஸ்பிரிங், பைப்பில் விடுவது. சிந்தாதிரிப்பேட்டை போய் வர நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தால் ஷெட்டில் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. லோகு சிரித்தான். பாஷா பாய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், செஞ்சுரி அடித்தவர் மாதிரி.

"எப்படி பாய்?"

"சும்மா வந்துச்சுபா. வழுக்கிக்கினு வந்துச்சு."

"அதான் எப்படி?"

"இத்தினி வருஷமா போர்டுல காய் எப்டிப் போவுது? தள்றதாலயா போவுது? பவுடர்லபா."

மேலே பைப் வாயில் கேரம் பவுடரை டப்பாவோடு கவிழ்த்திருக்கிறார். உள்ளே தேய்க்கிறது என்று கேபிளை வெளியே உருவி, நான் சுற்றின பாலித்தீனையும் பிய்த்துப் போட்டுவிட்டார். லோகு இழுக்க, ஒரே மூச்சில் வந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம்தான். "சபாஷ் பாய்" என்றேன். கையால் தலையைத் துடைத்து டிவியில் சொருகினேன்.

படம் வரவில்லை.

4. மாவு

தலை மாற்றிப் போட்டிருக்கிறோமா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பாக்ஸ் செட்டிங் பார்த்தேன். டிவியில் இன்புட் மாற்றினேன். பாக்சை அணைத்துப் போட்டேன். மாடிக்கும் ஷெட்டுக்கும் நடந்து நடந்து சட்டை நனைந்துவிட்டது. சார் என் பின்னாலேயே வந்தார்.

"தாஸு, வருமா வராதா? மூணு மணிக்கு டாண்ணு ஆரம்பிச்சுடுவா."

"வரும் சார்."

"காலம்பறலேர்ந்து இதையே சொல்லிண்டிருக்கியேப்பா."

அப்போதுதான் அந்தோணியம்மா வந்து கேட்டில் நின்றது. லோகு, ஜெனிபர் ஆடின செமிஃபைனலைத் தன் போனில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினான். படம் சுற்றிச் சுற்றி நின்றது.

"இதுல யாருபா என் பொண்ணு? எறும்பு ஊர்றாப்பல கீது" என்றார்.

லோகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். 

நான் கேட்டுப் பக்கம் வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்தோணியம்மா என்னையே பார்த்தார்.

"இன்னாபா மூஞ்செல்லாம் மாவு? ஊட்ல தோசையா?"

கையைப் பார்த்தேன். விரலெல்லாம் வெள்ளை.

உள்ளே ஓடிப் போய் டிவியிலிருந்து தலையை உருவினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். எச்டிஎம்ஐ தலைக்குள் பத்தொன்பது பின் இருக்கும். ஒன்று கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கொழுக்கட்டைக்குப் பூரணம் அடைத்த மாதிரி பவுடர் அடைத்துக்கொண்டிருந்தது. நான் சொருகினதில் இன்னும் இறுகிவிட்டது.

பாஷா பாய் எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பாய், டிவிக்குக் கூட நல்லா ஃபினிஷிங் குடுத்துக்கீற" என்றான் லோகு.

"நீ மூடு" என்றார் பாய்.

பிரஷ் போட்டுத் தட்டினேன். ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். டிவி ஓட்டையையும் துடைத்தேன். சொருகினால் படம் வந்தது. ஷெட்டே மூச்சு விட்டது. ஒரு கும்பிடு போடுகிற நேரம் இருந்திருக்கும். திரும்பக் கருப்பு. உள்ளுக்குள் இன்னும் இருக்கிறது. பிரித்து, காயவைத்து, பொறுமையாகப் பண்ண வேண்டிய வேலை. அரை மணியில் ஆகாது.

அந்தோணியம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். "பரவால்லபா. அவ ஊருக்கு வந்தப்புறம் கேட்டுக்கறேன்" என்றார்.

அது எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

5. மாமி கேட்டது

இன்னொரு தடவை மாடிக்குப் போனேன். பாக்ஸ் பக்கத்துத் தலையையும் பார்த்துவிடலாம் என்று. சார் பின்னால். பாய் அவர் பின்னால். லோகுவும் ஏறி வந்தான். நாலு பேரும் செருப்பில்லாத காலில் பவுடரை மிதித்து மிதித்து மாமி ஹாலெல்லாம் கோலம் போட்டு வைத்திருந்தோம்.

மாமி சோபாவில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்னா, காலம்பறலேர்ந்து ஊர்வலம் மாதிரி வந்துண்டும் போயிண்டும் இருக்கேள். அந்த டப்பா என்ன பாவம் பண்ணித்து? அதையே கீழ எடுத்துண்டு போய் வச்சுக்கப்படாதா?"

நாலு பேரும் பாக்சைப் பார்த்தோம்.

"உனக்கு சீரியல் பாக்க வேண்டாமா?" என்றார் சார்.

"நான் போன்ல பாத்துண்டு ஆறு மாசம் ஆச்சு. உங்களுக்கு எங்க தெரியப்போறது."

"என்கிட்ட சொல்லலியே நீ."

"நீங்க கேட்டேளா?"

லோகு வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

உண்மை என்னவென்றால் நானும் கேட்கவில்லை. பாக்ஸ் மாமியுடையது, மாடியில்தான் இருக்க வேண்டும் என்று சார் நினைத்தார். சார் நினைத்ததை நான் எடுத்துக்கொண்டு டேப் போட்டு அளந்தேன். இந்தத் தொழிலில் முதல் கேள்வி அளவு இல்லை. பாக்ஸ் எங்கே இருந்தால் உங்களுக்குச் சௌகரியம் என்பதுதான். அதையும் வீட்டில் இருக்கிற எல்லாரையும் கேட்க வேண்டும். முக்கியமாக அந்த ரூமில் உட்காருகிறவரை.

பாக்ஸ் டிவி பக்கத்தில் வந்துவிட்டால் எச்டிஎம்ஐ ஒன்றரை மீட்டர் போதும். மாடியிலிருந்து வர வேண்டியது நெட்டுக்கான லேன் வயர் மட்டும். லேன் வயர் நூறு மீட்டர் வரைக்கும் அலட்டிக்கொள்ளாது. மீட்டர் இருபது ரூபாய் கூட ஆகாது. தலை இல்லாமல் இழுத்துவிட்டு, இழுத்த பிறகு இரண்டு பக்கமும் தலை போடலாம். நீளமாகப் போக வேண்டியது நெட் வயர். குட்டையாக இருக்க வேண்டியது எச்டிஎம்ஐ. ஒரு வீட்டுக்காரர் மலிவாக நல்ல படம் கேட்டால் இதைச் சொல்லுங்கள். நாற்பது ஐம்பது வீட்டுக்கு இதைச் சொல்லிவிட்டேன் இதுவரை. அன்றைக்கு எனக்கு மாமி சொல்ல வேண்டியிருந்தது.

வண்டி டிக்கியில் ஒரு சுருள் லேன் வயர் இருந்தது. முந்தின நாள் அடையாறில் கேமரா வேலை பார்த்ததில் மிச்சம். ஃபைபரின் மாடித் தலையை வெட்டவா முடியும், அதன் கழுத்தில் லேன் நுனியைக் கட்டி, கீழே இருந்து மெதுவாக ஃபைபரை உருவச் சொன்னேன்.

ஸ்பிரிங்கை எடுக்கக்கூட இல்லை. பைப்பில் ஒரு டப்பா பவுடர் இருக்கிறது அல்லவா. நான் இங்கே நுனியை விட, அங்கே லோகு "வந்துச்சு" என்றான்.

"பாத்தியா தாஸு" என்றார் பாஷா பாய். முகம் திரும்ப மலர்ந்துவிட்டது. "பவுடர் தப்பில்லபா. போட்ட காய்தான் தப்பு."

இரண்டு பக்கமும் தலை போட்டு, கழன்று வராமல் கிரிம்ப் அடித்து இறுக்கினேன். மாமி பாக்சைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். வருகிற வழியில் கேட்டைப் பார்த்தார்.

"ஜெனி அம்மாதானே? ஏன் வெயில்ல நிக்கறேள்? உள்ள வாங்கோ."

"பரவால்லம்மா. இங்கேந்தே தெரியும்."

"எனக்கே இவா ஆடறது ஒண்ணும் புரியாது. பக்கத்துல நீங்க உக்காந்தா எனக்கும் பேச்சுத் துணை. வாங்கோ, வாங்கோ."

அந்தோணியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். முன்னால் இருந்த இரண்டு நாற்காலியும் அவர்களுக்குப் போனது. பாய் எழுந்து நின்றார். அந்த நாற்காலியில் பாயைத் தவிர வேறு ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

என் பையிலிருந்து ஒன்றரை மீட்டர் எச்டிஎம்ஐ எடுத்தேன். டெஸ்டிங்குக்கு வைத்திருப்பது. சாதா கேபிள், முந்நூறு ரூபாய் விலை. சொருகினேன். டிவியில் அந்த இன்புட்டுக்கு ஃபோர் கே சிக்னலைத் திறந்துவிட்டேன். சில டிவியில் இது மூடியே இருக்கும். திறக்காவிட்டால் எத்தனை ஆயிரத்துக்குக் கேபிள் போட்டாலும் சாதாப் படம்தான் வரும். மறக்காதீர்கள்.

படம் வந்தது. நின்றது. திரும்பக் கருப்பாகவில்லை.

போர்டு சுவர் அளவுக்கு விரிந்து கிடந்தது. காய்களின் ஓரத்தில் தேய்ந்திருக்கிற வட்டம் தெரிந்தது. பவுடர் துகள் தெரிந்தது.

"நம்ம பவுடர் இல்ல இது. மட்டம்" என்றார் பாய்.

அந்த ஃபைபர் கேபிளைப் பிறகு பொறுமையாகச் சுத்தம் பண்ணினேன். ஓடியது. தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு மூன்றாவது மாடி வேலை வந்தது. அங்கே போட்டுவிட்டு, கிளப் காசைக் கிளப்பில் கொடுத்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

6. கை

மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள்.

மேல் கேமராவில் போர்டும் கையும்தான் தெரியும். ஆள் தெரியாது. அந்தோணியம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூஞ்ச காட்ட மாட்டானா?"

"நடு நடுவுல காட்டுவான்க்கா" என்றான் லோகு.

"இதுல எந்தக் கை அவுளுது?"

சார் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கீழ்ப் பக்கத்திலிருந்து ஒரு கை ஸ்ட்ரைக்கர் வைக்க வந்தது. அந்தோணியம்மா நாற்காலியிலிருந்து எழுந்து டிவி கிட்டப் போனார். ஆள்காட்டி விரல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

"வஞ்சிரம் வெட்டச் சொல்ல அறுத்துக்கிச்சு" என்றார். "நான்தான் கத்தியக் குடுத்தேன். அதான். அதான் என் பொண்ணு."

அப்புறம் அவர் முகத்தைக் கேட்கவில்லை. கையைத்தான் பார்த்தார். கை ஸ்ட்ரைக்கரை நகர்த்தினால் இவர் தலை நகரும். காய் விழுந்தால் மாமி கையைப் பிடிப்பார். மாமி பிடிக்கக் கொடுத்தார்.

"இப்ப என்ன ஆச்சு?" என்று மாமி கேட்பார்.

"தெர்லமா. உள்ள போச்சு. நல்லதுதான்" என்பார் அந்தோணியம்மா.

முதல் கேம் ஜெனிபருக்கு. இரண்டாவது அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு. மூன்றாவது கேமில் முதலில் இருபத்தைந்து பாயிண்ட் எடுக்கிறவருக்கு ஜெயிப்பு. ஒரு சுற்றுக்கு போர்டு என்று பேர், அதில் எதிராளிக்கு மிச்சமாகிற காய் ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். ஆறு போர்டு முடிந்தபோது அந்தப் பெண் இருபத்தொன்று. ஜெனிபர் பத்தொன்பது.

ஏழாவது போர்டு. அந்தப் பெண்ணுக்கு மூன்று காய் பாக்கி. ஜெனிபருக்கு ஒன்று, கூட ரெட். ரெட் போட்டாள். அதோடு தன் காயையும் போட்டால்தான் ரெட் கணக்கில் வரும். காய் கருப்பு ஒன்றோடு ஒட்டிக்கொண்டு மூலையில் கிடந்தது.

"ஒட்டிடுச்சு" என்றார் சார்.

"இல்ல சார். சந்து கீது. பாருங்க" என்றார் பாய். டிவியில் விரல் வைத்துக் காட்டினார். நூல் போகிற அளவு. தெரிந்தது.

கை வந்தது. விரல் மடங்கியது. ஷெட்டில் ஃபேன் சத்தம் மட்டும்.

காய் போனது.

லோகு போட்ட கூச்சலில் தெரு நாய் குரைத்தது. சார் உட்கார்ந்துவிட்டார். அந்தோணியம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"முடிஞ்சிதா? எவ்ளோபா எடுத்துச்சு?"

பாய் அவர் முன்னால் வந்து நின்று, விரல் விட்டு எண்ணினார்.

"பத்தொம்போது இருந்துச்சு. அந்தப் பொண்ணு மூணு காய் வுட்டுடுச்சு. ரெட்டுக்கு ஒரு மூணு."

"சேத்துச் சொல்லு பாய்."

"இருபத்தஞ்சு."